மாநிறம்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் அமிர்தி வரும். ஜவ்வாது மலையின் மடியில், ஊருக்கும் காட்டுக்கும் நடுவே கிடக்கும் இடம் அது. வனத்துறையினர் 1967-ஆம் ஆண்டில் அமைத்த சிறிய உயிரியல் பூங்கா ஒன்று அங்கே உண்டு. புள்ளிமான்களையும் மயில்களையும் முதலைகளையும் பார்த்து முடித்த பிள்ளைகள், ஓடையைத் தாண்டி அருவிப் பக்கம் ஓடுவார்கள். வேலூரில் வாழும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு நாள் மகிழ்ச்சிக்கு இது போதும். கட்டுச்சோற்றோடு காலையில் போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

சென்ற தை மாதத்தில் நாங்களும் அப்படித்தான் போனோம். நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாக இருவர்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். உடன் வந்தவள் எங்கள் மகள். அவளுக்கு வயது இருபத்து நான்கு. எட்டு மாதங்களாக வீட்டையும் மருத்துவமனையையும் தவிர வேறெங்கும் போகாதிருந்த பெண், அன்றுதான் முதன்முறையாக வெளிக்காற்றைத் தேடி வந்தாள்.

அருவியில் நீர் நூலாய்த்தான் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில், பூங்கா வாசலுக்குச் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில், மலைவாழ் மூதாட்டி ஒருவர் சாக்கை விரித்து அமர்ந்திருந்தார். கடுக்காய், கொஞ்சம் சாமை, ஒரு பாட்டிலில் தேன், பழுப்பு நிறத்தில் சுருங்கிய உருண்டைகள் ஒரு குவியல். மகள் குனிந்து ஓர் உருண்டையை எடுத்தாள்.

"இது என்ன பாட்டி?"

"பூந்திக்கொட்டை, கண்ணு. தலைக்குத் தேய்க்கலாம், துணிக்கும் போடலாம். ஊறவெச்சுக் கசக்கினா நுரை வரும். கண்ணுல மட்டும் பட விடாதே, காந்தும். ஓடையில கொண்டுபோய் அலசாதே, மீனுக்கு ஆகாது."

ஒரே மூச்சில் அவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பினார். எங்களுக்கோ அந்த இடத்தைவிட்டுக் கால் நகரவில்லை. இன்ன மரத்துக் காய், இன்னதற்குப் பயன்படும், இப்படிப் பயன்படுத்த வேண்டும், இன்ன தீங்கு செய்யும் என்று ஒரு பொருளைப் பற்றி வாங்குகிறவர் அறிய வேண்டிய நான்கையும், பத்து ரூபாய்ச் சரக்குக்காக, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி சொல்லிவிட்டார். அந்த நான்கில் ஒன்றைக்கூட அறியாமல், அறிய வேண்டும் என்ற எண்ணமும் இல்லாமல், ஒரு டப்பாவைக் காசு கொடுத்து வாங்கி எங்கள் மகளின் கையில் கொடுத்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் வேதியியல் ஆசிரியர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் இக்கட்டுரைக்குப் பொருள் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். படித்த பெண், வேலையில் இருக்கிற பெண், வீட்டுக்கு அடங்கியவள், பாடகர் குழுவில் பாடுகிறவள். குறையென்று எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. முதலில் வந்த குடும்பம் நல்ல குடும்பம்தான். காப்பி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், போனார்கள். நான்கு நாள் கழித்துத் தரகர் வந்து, "எல்லாம் பிடிச்சிருக்குதாம் சார். பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மின்னு பையனோட அம்மா யோசிக்கிறாங்களாம்" என்றார். அடுத்த குடும்பம் அதையும் சொல்லவில்லை, பேசாமல் இருந்துவிட்டது. மூன்றாவது வரனுக்காகச் சுயவிவரத் தாளை நிரப்பும்போது, 'நிறம்' என்ற இடத்தில் எங்கள் கை தயங்கியது. பிறகு 'மாநிறம்' என்று எழுதினோம்.

எங்கள் மகள் மாநிறம் அல்லள். அவள் தன் பாட்டியைப் போல நல்ல கறுப்பு. அந்தப் பாட்டியின் முகத்தை எங்கள் ஊரில் அழகில்லை என்று சொன்னவர் எவரும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், அங்கே எல்லாரும் பூசுவதாகச் சொல்லி ஒரு முகக் களிம்பைக் காட்டினார். பொன்நிற மூடியிட்ட சிறு டப்பா. மேலே எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். நடுவே மலர்ந்து சிரிக்கும் ஒரு வெள்ளை முகம். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. செய்தவர் முகவரி இல்லை. உரிம எண் இல்லை. இவையெல்லாம் இல்லை என்பதைப் பின்னர்தான் கவனித்தோம். அன்று விலையைக் கேட்டோம், ஒன்றுக்கு இரண்டாக வாங்கினோம். மகள் முதலில் வேண்டாம் என்றாள். "உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்றோம்.

மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்கினார்கள். புதிதாய் ஒரு புகைப்படம் எடுத்து வரன்களுக்கு அனுப்பினோம். உண்மையைச் சொல்வதானால், அந்த நாள்களில் நாங்கள் மகிழ்ச்சியாகவே இருந்தோம்.

ஐந்தாம் மாதத்தில், காலையில் எழும்போது அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். பிறகு கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் நுரைத்துப் போவதாகத் தாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மருத்துவமனைக்கு ஓடினோம். ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைச் சோதித்தபோது, இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் கிராம் கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தது தெரிந்தது. முதுகின் வழியாக ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து அணுவளவு சதையை எடுத்துச் சோதித்தார்கள். நோயின் பெயர் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்றார்கள். இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சவ்வின்மேல் உடலின் எதிர்ப்புப் பொருள்கள் படிந்து, வடிகட்டி ஓட்டையாகிவிடும் நோய்.

அறிக்கையைப் படித்த மருத்துவர் நெடுநேரம் மகளின் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "முகத்துக்கு என்னம்மா போடுறீங்க?"

நோயைப் பற்றி அன்றுவரை எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பல. உணவு, உறக்கம், பரம்பரை, நாட்டு மருந்து, வலி மாத்திரை. இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனோம். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் மிகுந்திருந்தது. களிம்பைச் சோதித்தபோது, சட்டம் பொறுக்கும் அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு பாதரசம் அதில் இருந்ததாகத் தெரிவித்தார்கள்.

அந்த மருத்துவருக்கு அக்கேள்வியைக் கேட்கத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கு அண்டை மாநிலமான கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகிய சிறுநீரக மருத்துவர்கள், இந்நோயோடு வந்தவர்களைக் கூர்ந்து கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்கள் கண்ட இந்நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்குச் சிறுநீரகத் திசுவில் 'நெல்-1' என்னும் புரதத்தின் அடையாளம் காணப்பட்டது. இது பொதுவாக அரிதாகக் காணப்படும் வகை. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்கச் செய்யும் களிம்புகளைப் பூசி வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். இச்செய்தியை அவர்கள் 'கிட்னி இன்டர்நேஷனல்' என்னும் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். மகாராட்டிரத்தின் அகோலாவில் கல்லூரி மாணவி ஒருத்தியும் அவள் தாயும் சகோதரியும் ஒரே களிம்பைப் பூசி, மூவரும் சிறுநீரக நோய்க்கு ஆளான செய்தியும் 2023-இல் வெளிவந்தது. மும்பையின் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

பாதரசம் எப்படி முகத்தை வெளுக்கச் செய்கிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை உண்டாக்க உடலுக்கு ஒரு நொதி வேண்டும். பாதரச உப்புகள் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடுகின்றன, மெலனின் குறைகிறது, தோல் வெளுக்கிறது. களிம்பு பொய் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிடுகிறது. ஆனால் பூசிய பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோலின் வழியே குருதியில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. மனக் கலக்கம், தூக்கமின்மை, கை நடுக்கம், விரல்களில் மரமரப்பு என்று நரம்புகளையும் தொடுகிறது. பூசுவதை நிறுத்தினாலோ, போன நிறம் சில வேளைகளில் முன்னிலும் கறுத்துத் திட்டுத்திட்டாகத் திரும்பி வருகிறது. அது கண்டு அஞ்சியவர்கள் மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பாதரசம் பூசியவரோடு நிற்பதும் இல்லை. முகம் துடைத்த துண்டில் ஒட்டுகிறது, தலையணையில் ஒட்டுகிறது, ஆவியாகி அறையின் காற்றில் கலக்கிறது. இதை மருத்துவர் சொன்னபோது எங்கள் மனம் பதறியது. எங்கள் மூத்த மகனின் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அத்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் அவன் தூங்குவான். குழந்தையையும் சோதிக்கச் செய்து, தீங்கில்லை என்ற விடை வரும்வரை இருந்த அந்த ஒரு வாரத்தை எங்களால் எழுத இயலாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள், பாதரசம் சேர்த்து இப்பொருள்களைச் செய்வதைத் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலக்க நேர்ந்தாலும், கண்ணைச் சுற்றிப் பூசுவன தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. நிறமூட்டுவதற்காகக் காரீயத்தையும் ஆர்செனிக்கையும் சேர்ப்பதற்கும் தடை உண்டு. உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை செய்துகொண்டன. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியா அதை உறுதி செய்தது. ஆலைக் கழிவில் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்புகளைத் தின்ற ஜப்பானிய ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அந்த நோய் உலகுக்குத் தெரிய வந்த ஆண்டு 1956. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதுவுமே 2025-க்குப் பின் கூடாது என்று 2023-இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன.

பாதரசத்தின் கொடுமையைத் தமிழ்நாட்டு மக்கள் அறியாதவர்களும் அல்லர். கொடைக்கானல் மலையில் இருந்த வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதை அடுத்து 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு 2016-இல்தான் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அச்செய்திகளை நாங்கள் நாளிதழில் படித்தோம். வகுப்பில் மாணவர்களுக்கும் எடுத்துச் சொன்னோம். ஆலைக்குள் இருந்தால் நஞ்சு என்று அறிந்த பொருள், அலமாரியில் பொன்நிற மூடிக்குள் இருந்தபோது அழகாகத் தெரிந்தது.

கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்து, உரிமமும் முகவரியும் இல்லாத பொருள்களைக் கைப்பற்றத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆயினும் உறவினர் பெட்டியில் வருவதையும், தெரிந்தவர் கைமாற்றித் தருவதையும் எந்த அதிகாரி சோதிப்பார்? அந்தச் சோதனையை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

பாதரசத்தைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. மகளோடு மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்த மாதங்களில் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவை பல. படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாள்களுக்கு எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புகளை, முகம் சிவக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் பூசுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். முதலில் முகம் மினுமினுக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கி, பருக்கள் வெடித்து, வெயில் பட்டாலே எரியும். தோல் மருத்துவர்கள் பல்லாண்டு முறையிட்டதன் பயனாக, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் இத்தகைய களிம்புகள் பலவற்றை அரசு 2018-இல் சேர்த்தது. ஹைட்ரோகுவினோன் கலந்த களிம்புகளும் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்பட வேண்டியவை.

நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையிலுள்ள சில வேதிப்பொருள்கள், பொட்டு வைத்த இடத்திலேயே வெண்திட்டை உண்டாக்குவதை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். சுருமாவில் காரீயத்தின் கலவை இருப்பதுண்டு. அதைக் குழந்தையின் கண்ணில் இடுவது அழகன்று. முடிச்சாயத்திலும் 'கருப்பு மருதாணி' என்று விற்பதிலும் இருக்கும் பாரா-ஃபினிலீன்டயமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்து, முகத்தையே வீங்கச் செய்துவிடும். மருதாணி இலை கருப்பாய்ச் சிவப்பதில்லை என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் இயற்கைப் பொருள்களே நல்லவை, பழையன எல்லாம் தீங்கற்றவை" என்று வாசகர் முடிவு செய்துவிட வேண்டாம். அதுவும் கேளாமல் நம்புவதே ஆகும். பாதரசம் சேர்ந்த பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டவர்களிடமும் இதே நெல்-1 வகை நோய் காணப்படுவதைச் சென்னைச் சிறுநீரக நோயியல் வல்லுநர்கள் 2022-இல் எடுத்துக் காட்டினார்கள். 'மூலிகை' என்று அட்டையில் எழுதிவிட்டால் உள்ளிருப்பது மூலிகை ஆகிவிடாது. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. வெட்டிய மரங்களைச் சேர்த்து வைக்கும் அரசுக் கிடங்கு திருப்பத்தூரில் உண்டு. அந்தச் சந்தனத்தின் படம் போட்ட சோப்பில் சந்தனம் இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தன வாசம் மட்டும் இருக்கலாம். பட்டியலில் 'நறுமணம்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே எத்தனையோ பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஏன், அமிர்தியில் வாங்கிய பூந்திக்கொட்டையும் கண்ணைக் காந்துமன்றோ? வேறுபாடு இயற்கை, செயற்கை என்பதில் இல்லை. விற்றவர் அதைச் சொன்னார் என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே, கடையிலும் வீட்டிலும் நாம் செய்ய வேண்டியவை எளியவை. உட்பொருள்களின் பட்டியலும், செய்தவர் முகவரியும், உற்பத்தி உரிம எண்ணும், வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதிப் பதிவு எண்ணும் இல்லாத எதையும் உடலில் தொடவிட வேண்டாம். பட்டியலில் காலமல், மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு போன்ற பெயர்கள் தென்பட்டால் அது பாதரசமே என்று அறிந்துகொள்ளலாம். சில வாரங்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் எதையும் ஐயுற வேண்டும். பூசிவருகிறவருக்குக் காலையில் முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே சிறுநீரைச் சோதிக்க வேண்டும். மருத்துவரிடம் உட்கொள்வதை மட்டும் சொல்லாமல், பூசுவதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் மகள் பிழைத்தாள். களிம்பை நிறுத்தியதே பெருமருந்து. அதனோடு புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரைகள். மாதாமாதம் கணக்கு இறங்கியது. கோட்டக்கல் நோயாளிகளிலும் பெரும்பாலோர் களிம்பை விட்டபின் தேறினார்கள் என்று படித்தபோது எங்களுக்கு மூச்சு வந்தது. அவள் முகத்தில் மட்டும் இன்னும் சில திட்டுகள் இருக்கின்றன. அமிர்தியில் மூதாட்டியின் முன் அவள் தலைக்குமேல் இழுத்துவிட்டிருந்த துப்பட்டா அதற்காகத்தான்.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது, அவள் மடியிலிருந்த பூந்திக்கொட்டைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சொன்னோம்: "அந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று கேட்காமல் போய்விட்டோம், பாப்பா." எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த சொற்கள். மன்னிப்புக் கேட்பது போலத்தான் கேட்டோம்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கணியம்பாடி நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள். "அது பரவாயில்லைப்பா. உங்களுக்குத் தெரியாது. நீங்க தாளில 'மாநிறம்'னு எழுதினீங்களே, அன்னைக்குத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு."

எங்களிடம் விடை இல்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்காதது அறியாமை. அதை ஏன் வாங்குகிறோம் என்று எங்களையே கேட்டுக்கொள்ளாதது அறியாமை அன்று. பாதரசம் அவள் தோலைத் தொடுவதற்கு முன்பே, எங்கள் கையெழுத்து அவளைத் தொட்டிருந்தது. முதலில் தரகர் சொன்னார். பிறகு நாங்கள் எழுதினோம். அதன் பிறகே களிம்பு வந்தது.

சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பின் வழியாகக் கவிதா இம்மானுவேல் என்பவர் 2009-இல் 'கறுப்பும் அழகே' என்னும் கருத்தை முன்வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார். அது நாடு முழுவதும் பேசப்பட்டது. 1975-இலிருந்து இந்தியாவில் விற்பனையாகி வந்த புகழ்பெற்ற முகப்பூச்சு ஒன்று, 2020-இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. அதில் பாதரசம் இருந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. அதை எவரும் நினைக்கவும் வேண்டாம். நிறுவனங்களே சொல்லை மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்ட காலத்தில், நம் வீட்டு வரவேற்பறைகளில் அச்சொல் மாறவில்லை என்பதையே சொல்ல வருகிறோம். மணமகள் தேவை என்று நாம் தரும் விளம்பரங்களில் 'நல்ல நிறமுள்ள' என்பது இன்றும் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் காதோரத்தைத் திருப்பி நிறம் பார்ப்பது இன்றும் இருக்கிறது. படைத்தவர் நல்லதென்று கண்ட ஒன்றுக்கு நாம் மாற்றுப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சுயவிவரத் தாளைக் கிழித்துப் புதிதாக ஒன்று எழுதினோம். நிறம் என்ற இடத்தை எடுத்துவிட்டோம். இரு வாரம் கழித்து ஒரு குடும்பத்திலிருந்து தொலைபேசி வந்தது. படிப்பு, வேலை, பங்கு எல்லாம் விசாரித்த பிறகு, "நிறம் எப்படி?" என்று கேட்டார்கள்.

"கறுப்பு" என்றோம். உடல்நலக் குறைவு ஏற்பட்டுத் தேறி வருகிறாள் என்பதையும் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இதுவரை சொல்லவில்லை.

சமையலறையில் மகள் பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து, "கண்ணுல படக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். வருகிற மாதம் மறுபடியும் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.